குடும்ப நல முகாம்கள் யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப நல விழிப்புணர்வு முகாம்கள் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் பேச்சு அற்றுப்போகாமல் காப்பது தாயின் பொறுப்பு என்றும், அதற்கென அவர் நாளும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தங்கள் இதழை நெடுங்காலமாக மதிப்போடு படித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைத் தாங்கள் அறிவீர்கள். ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டதாக அது காட்டியது. ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அதிலும் அந்த வேலைகளில் கைவைக்கும் ஆண்கள் நான்கில் ஒருவர்தான். இந்த நாட்டில் அரை மணி நேரத்தை ஒதுக்கச் சொல்லித் தாயிடமே கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தத் துறை எந்த முகாமை நடத்தினாலும் ஆள் திரட்டும் வேலை எங்களிடம்தான் வரும். ‘கணவன் மனைவி நல்லுறவு’ என்று பதாகை கட்டி, வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். அந்த நேரத்தில் கணவர்கள் நூல் மில்லிலோ கட்டட வேலையிலோ லாரியிலோ இருப்பார்கள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் பெண்களிடம், அன்றைய கூலியை விட்டுவிட்டு வரும்படி நாங்கள் வீடு வீடாகச் சென்று கெஞ்சுவோம். மேடையில் இருப்பவர்கள் பொறுமையைப் பற்றியும் விட்டுக்கொடுத்துப் போவதைப் பற்றியும் பேசுவார்கள். கீழே அமர்ந்திருப்பவர்களோ பிறந்த வீட்டிலிருந்தே இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். பதிவேட்டில் கையெழுத்தும் ஒரு புகைப்படமும் கிடைத்துவிட்டால் முகாம் சிறப்பாக நடந்ததாக அறிக்கை போய்விடும். அந்தக் குடும்பங்களில் ஏதேனும் மாறியதா என்று மறுமாதம் வந்து விசாரித்த ஓர் அதிகாரியையும் நான் கண்டதில்லை.

ஆண்களை அழைக்க வேண்டும் என்ற எண்ணமே அரசுக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018-இல் தொடங்கிய போஷன் அபியான் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தின் சமுதாய நிகழ்வுகளில், கணவர்களுக்கு அறிவுரை வழங்கவென்றே ஒரு நிகழ்வு இருக்கிறது. அந்த நிகழ்வுக்கும் எங்கள் மையத்தில் வந்து அமர்ந்தவர்கள் மனைவிமார்களே. கணவனுக்குச் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்லி, வீட்டில் போய்ச் சொல்லம்மா என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டில் அவள் வாய் திறக்க முடியாமல்தானே எங்களிடம் வந்து அழுகிறாள்?

சட்டங்களும் இருக்கின்றன. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கை விசாரிக்கும் முன் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. 1992 முதல் நம் மாநிலத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இயங்குகின்றன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பெற்றோர் கொடுக்கும் மனுவைச் சமரச அலுவலரிடம் அனுப்பிவைக்க இடமுண்டு. இவற்றில் எதைக் குறை சொன்னாலும் அது நன்றிகெட்ட பேச்சாகும். ஆனால் மனு எழுதும் அளவுக்கு உறவு முறிந்த பிறகுதான் இந்தக் கதவுகள் திறக்கின்றன. முறிவதற்கு முன்பு அப்பாவையும் பிள்ளையையும், மாமியாரையும் மருமகளையும் ஒன்றாக உட்கார வைப்பதற்கு ஓர் இடம் எங்கள் ஊரில் இல்லை.

ஒரே ஒருமுறை, வார்டு உறுப்பினரின் முயற்சியால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பள்ளி வளாகத்தில் கூட்டம் நடந்தது. ஆண்கள் வந்தார்கள், வாசலில் நின்றவர்கள் சிறிது சிறிதாக உள்ளே வந்து அமர்ந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு மகள் தன்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்று ஒரு லாரி ஓட்டுநர் எல்லோர் முன்பும் சொன்னார். அன்று வந்திருந்த ஆலோசகர் அம்மா சொற்பொழிவு எதுவும் ஆற்றாமல் அப்பாவையும் மகளையும் தனியாக அழைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். மதிப்பெண்ணுக்காக அப்பா உறவினர் வீட்டில் வைத்துத் தன்னைத் திட்டியதை அந்தப் பெண் சொல்ல, அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படவில்லை. நாளும் நேரமும் சரியாக அமைந்திருந்தன. பேச வேண்டியவர்கள் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அலுவலர்கள் வர இயலாது என்று அடுத்த கூட்டத்தை மறுபடியும் வேலை நாளுக்கே மாற்றிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணத்துக்கு முன் மணமகன், மணமகள் இருவருமே தயாரிப்பு வகுப்புக்குச் செல்கிறார்கள். மணமகளை மட்டும் அனுப்பினால் போதும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அரசு முகாம்களுக்கு மட்டும் அந்த நியதி ஏன் பொருந்தாமல் போகிறது?

கட்டுரையில் மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அப்பா எந்த நிலையில் வீடு திரும்புவார் என்று அஞ்சிப் பிள்ளைகள் முன்னேரமே தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். அந்த வீட்டுத் தாய் அரை மணி நேரத்தை ஒதுக்கி யாரோடு பேசுவாள்?

தங்களிடம் நான் கேட்பது சிறியது. குடும்ப நல முகாம் பற்றிய செய்தியை இனி வெளியிடும்போது, அது எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு நடந்தது, எத்தனை ஆண்கள் வந்தார்கள் என்பதையும் கேட்டுப் பிரசுரிக்குமாறு வேண்டுகிறேன். அத்துடன் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, முதியோருக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகியவற்றை அந்தப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.