எண்ணிக்கைக்கு முன் கட்டுரையைத் திறந்து பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயிர்மருத்துவ ஆய்வாளர்களின் நியமன, பதவியுயர்வு விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவினருக்கு,

வணக்கம்.

விண்ணப்பக் கோவைக்குள், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்கொலர் பக்கத்தின் அச்சுப்பிரதி ஒன்று இருக்கும். மொத்த மேற்கோள் இவ்வளவு, எச்-சுட்டெண் இவ்வளவு என்று அதில் இரண்டு எண்கள். அந்த இரண்டையும் வைத்து மட்டும் ஒருவரை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம் என்று கேட்கவே இம்மடல்.

முதலில் பாருங்கள், அந்தக் கட்டுரைகளெல்லாம் அவருடையவைதானா? நம் பெயர்முறைக்குத் தரவுத்தளங்கள் பழக்கப்பட்டவை அல்ல. தகப்பன் பெயர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் வந்தால், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் ஒரே ஆளை இரண்டு பேராக்கிவிடும். திருமணத்தின் பின் முன்னெழுத்தை மாற்றிய பெண்களுக்கு நேரும் இழப்பு இதுதான். மறுபக்கம், ‘மொஹமட்’ குடும்பப் பெயராகப் பதிவானால் பலருடைய கட்டுரைகள் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்கொலர் பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்க விட்டிருந்தால் பிறர் கட்டுரைகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் குற்றமாக எடுக்கவேண்டியதில்லை, களையச் சொன்னால் போதும். எல்லா விண்ணப்பதாரரிடமும், ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளங்காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணின் கீழுள்ள கட்டுரைப் பட்டியலை ஸ்கோபஸ், மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெட் இரண்டோடும் ஒப்பிட ஒரு நூலகருக்கு அதிக நேரம் எடுக்காது.

எண்ணை எங்கிருந்து, எந்தத் திகதியில் எடுத்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஸ்கொலர் ஆய்வேடுகளையும் மாநாட்டுத் தாள்களையும் சேர்த்து எண்ணுவதால் ஸ்கோபஸைவிட அதன் தொகை பெரும்பாலும் கூடவே நிற்கும். ஒருவருக்கு ஸ்கொலரும் மற்றவருக்கு ஸ்கோபஸும் வைத்து ஒப்பிடுவது, ஒருவரை மைலிலும் மற்றவரை கிலோமீற்றரிலும் அளப்பதுதான். சுயமேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி ஸ்கோபஸில் உண்டு.

எச்-சுட்டெண்ணை 2005 இல் முன்வைத்த ஹேர்ஷ் ஒரு பௌதிகவியலாளர். ஒருவருடைய பணியை ஓர் எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஏழு கட்டுரைகள் முறையே 25, 14, 9, 6, 5, 3, 1 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் சுட்டெண் 5; குறைந்தது ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து என்பதே அதன் பொருள். முதல் கட்டுரையின் 25 மேற்கோள் பின்னர் 2,500 ஆனாலும் அதே 5 தான். வயதோடு ஏறும், ஒருபோதும் இறங்காது. நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்ட பன்னாட்டுக் கட்டுரையில் ஒரு பெயராக இருந்தவருக்கும், மாதிரி சேகரிப்பிலிருந்து எழுத்துவரை தானே செய்த முதலாசிரியருக்கும் அது ஒரே மதிப்பைத்தான் கொடுக்கும்.

சஞ்சிகையின் தாக்கக் காரணி ஆளுக்கு உரியதே அல்ல. 2024 இன் காரணி என்பது, 2022, 2023 இல் அந்தச் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024 இல் கிடைத்த மேற்கோளை அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்தது. சில கட்டுரைகளே பெரும்பங்கு மேற்கோளை இழுப்பதால் அந்தச் சராசரி தனிக் கட்டுரை ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லாது. சஞ்சிகையின் காரணியை வைத்து ஆளை மதிப்பிட வேண்டாம் என்னும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் இதற்காகவே 2012 இல் உருவாகி 2013 இல் வெளிவந்தது.

பணம் வாங்கி ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் சஞ்சிகைகள் பொய்க் காரணிகளையும் போடுகின்றன. சஞ்சிகையின் பெயரை, தாக்கக் காரணியைக் கணக்கிடும் கிளரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் தேடுங்கள். ஸ்கோபஸில் சஞ்சிகை நீக்கப்பட்டிருந்தால், கட்டுரை வந்த ஆண்டு அச்சஞ்சிகை ஸ்கோபஸில் சேர்க்கப்பட்டிருந்த காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். ‘பப்மெட்டில் இருக்கிறது’ என்பதும் சஞ்சிகைகளைத் தெரிவுசெய்தே சேர்க்கும் மெட்லைன் பட்டியலின் தேர்வில் தேறியது என்பதும் வேறு வேறு. வெளிவந்தபின் சஞ்சிகையால் மீளப்பெறப்பட்ட கட்டுரையா என்பதையும் தேடிவிடுங்கள்.

எங்களுக்கு அதிகம் வலிப்பது இது. படுவான்கரை வயல்களில் மாரியில் இறங்கும், நீரிழிவுள்ள விவசாயிக்கு மெலியோய்டோசிஸ் என்ற பக்றீரியாத் தொற்று பெரிய ஆபத்து. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் கிருமியை ஆய்வுகூடத்தில் வெறும் மாசு என்று ஒதுக்கிவிட முடியும். அப்படி ஒதுக்கினால் சரியான மருந்து பிந்தும். அதை எப்படி இனங்காண்பது என்று எழுதும் கட்டுரையை உலகில் சிறு கூட்டமே மேற்கோள் காட்டும். புற்றுநோய் மரபணுக் கட்டுரையோடு அதை எண்ணால் ஒப்பிட்டால் அது தோற்கத்தான் செய்யும். ஆனால் வார்டில் அந்தக் கட்டுரையின் வேலை வேறு.

ஆகவே படிவத்தில் ஓர் இடம் திறந்துவிடுங்கள்: விண்ணப்பதாரர் தாமே தெரிவுசெய்த ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று மூன்று வரி, அதனால் மாறிய சிகிச்சை வழிகாட்டியோ ஆய்வுகூட நடைமுறையோ இருந்தால் அதன் பிரதி. அந்த ஐந்தையும், குறைந்தது குழுவில் இருவர், முழுதாக வாசியுங்கள்.

இவ்வண்ணம்,
உயிர்மருத்துவ ஆய்விலும் நூலகப் பணியிலும் உள்ள சிலர்
மட்டக்களப்பு