முதல் கப்பல் பயணத்துக்குப் பெட்டியில் எதை வைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் சுற்றுலா குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கட்டணம், அனுமதிச் சீட்டு, உணவு, கேளிக்கைகள் ஆகியவற்றையெல்லாம் விளக்கிய அக்கட்டுரை, முதன்முறை கப்பல் ஏறுகிற குடும்பங்களை மிகவும் கலங்கவைக்கிற ஒரு கேள்வியை, எந்தத் துணிமணிகளை எடுத்துச் செல்வது என்பதைத் தொடவே இல்லை. செங்கோட்டையில் தையற்கடை நடத்துகிறவன் என்ற முறையிலும், குடும்பத்தோடு கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் சென்று வந்தவன் என்ற முறையிலும் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து பாலருவி விரைவு ரயிலில் ஏறினால் ஆரியங்காவு, புனலூர், கொல்லம் வழியாக எர்ணாகுளம் சென்று இறங்கிவிடலாம். ஆகவே கப்பல் பயணம் என்றதும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொச்சித் துறைமுகமே. முன்பதிவு முடிந்த கையோடு, பயண ஏற்பாட்டாளர் கொடுத்த உடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு சிலர் என் கடைக்கு வருகிறார்கள். ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்குத் தரை தொடும் கவுனும், ஒவ்வொரு மாலைக்கும் வெவ்வேறு நிற உடையும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பியக் கப்பல் ஒன்றுக்கென்று யாரோ தயாரித்த பட்டியல் அது. அதை அப்படியே நம் மக்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோட்டு தைத்தால் எனக்குக் கூலி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும், பிள்ளைகளின் விடுமுறைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி, ஒரு வேளைகூட உடுத்தப்படாத துணிக்குப் போவதைப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கப்பல், எந்தக் கரை என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்கிறேன்.

லட்சத்தீவு நிர்வாகத்தின் கீழ் இயங்கும் 'எம்.வி. கவரத்தி' போன்ற கப்பல்கள் தீவு மக்களின் போக்குவரத்துக்கென்றே உருவானவை. அவற்றில் சுற்றுலாப் பயணிகளுக்கும் இடம் ஒதுக்கி, 'சமுத்திரம்' என்ற பெயரில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைக் காட்டும் பயணம் நடத்தப்படுகிறது. பகற்பொழுது தீவில் கழியும். இரவு கப்பலில் கழியும். அக்கப்பலில் மாலை விருந்துக்கென்று தனி உடை எதுவும் தேவையில்லை. நம் வீட்டிலிருந்து உறவினர் வீட்டுக்குப் போகும்போது உடுத்தும் உடையே அங்கே மிகப் பொருத்தமானது. மும்பை, கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களிலிருந்து புறப்படும் தனியார் சொகுசுக் கப்பல்களில் மாலைக் கலைநிகழ்ச்சிகளும் விருந்துகளும் உண்டு என்பதால் நல்ல உடை ஓரிரண்டு கூடுதலாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ புறப்படும் பெரிய கப்பல்களில் முறையான உடை கேட்கும் இரவு ஒன்றோ இரண்டோ இருக்கக்கூடும். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பெட்டிகள் பருத்துவிடுகின்றன.

லட்சத்தீவுப் பயணத்தில் உடையைத் தீர்மானிக்கும் இடம் கப்பலின் உணவுக்கூடம் அன்று. கப்பலிலிருந்து படகுக்கு மாறும் அந்தச் சில நொடிகளே. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டுகள் இருப்பதால் பெரிய கப்பல் பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே ஆழமான நீரில் நின்றுவிடும். சிறு படகுகள் கப்பலின் பக்கவாட்டுக் கதவருகே வந்து அணையும். கப்பலும் அசையும், படகும் அசையும். அலை படகை மேலே தூக்கும் நேரம் பார்த்துப் பணியாளர் கை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு நாம் காலெடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலும் உயிர்காப்பு அங்கியும் உடம்பில் கட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கொசுவம் காலில் சிக்கும் சேலையும், கணுக்கால் வரை தொங்கவிட்ட வேட்டியும், குதிகால் உயர்ந்த செருப்பும் ஆபத்தானவை. பெண்களுக்குச் சுடிதார் நல்லது. துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். சேலை தவிர வேறு உடுத்திப் பழகாத மூத்த பெண்கள் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, தோளிலும் ஊக்குக் குத்திக்கொண்டால் சமாளிக்கலாம். ஆண்களுக்குக் காற்சட்டை அல்லது முழங்கால் வரை வரும் பெர்முடா போதும். கைகள் இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் பிடித்துத் தூக்கும் பையைத் தவிர்த்துத் தோளில் மாட்டும் பையில் மாற்றுடையையும் துண்டையும் வைத்துக்கொள்வது நலம்.

காலணியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் போடும் ரப்பர் செருப்பு ஈரமான தளத்தில் வழுக்கும். படகில் ஏறும்போது காலை விட்டு நழுவிக் கடலில் விழுந்துவிடும். பின்பட்டை வைத்த செருப்பு ஒரு சோடி இருந்தால் கப்பலுக்கும் தீவுக்கும் அதுவே போதும். பவளப்பாறை பாதத்தைக் கிழித்துவிடும் என்பதால் பாறைத் திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாக் கடலில் இறங்குவோர் நீரில் அணியும் மெல்லிய ரப்பர் காலணி வைத்திருப்பது நல்லது.

நீரில் இறங்கும் உடையிலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். குற்றாலத்தில் குளிப்பதுபோல் பருத்திச் சுடிதாரோடோ சேலையோடோ கடலில் நீந்த முடியாது. பருத்தி நீரைக் குடித்துக் கனத்து, கை கால்களை இழுத்துப் பிடிக்கும். சொகுசுக் கப்பல்களின் நீச்சல் குளங்களிலோ நீச்சலுக்கான துணியால் ஆன உடை இல்லாமல் இறங்கவே விடமாட்டார்கள். உடம்பைக் காட்டத் தயங்கும் பெண்கள் அதனால் குளத்தின் பக்கமே போகாமல் கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முழுக்கையும் முழுக்காலும் கொண்ட நைலான், லைக்ரா நீச்சலுடைகள் இப்போது எளிதாகவே கிடைக்கின்றன. கடலிலும் குளத்திலும் அவற்றையே அணியலாம். வெயிலிலிருந்து தோலையும் அவை காக்கும். புதிதாக ஏதேனும் ஓர் உடை வாங்கியே ஆக வேண்டும் என்றால் இதற்குச் செலவு செய்யுங்கள் என்பதே வருகிறவர்களுக்கு நான் சொல்வது. தீவு மக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். கடற்கரையை விட்டு ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

கடல் என்றாலே வெக்கை என்று நினைத்து மெல்லிய உடைகளை மட்டும் எடுத்துச் செல்கிறவர்கள், கப்பலுக்குள் நுழைந்ததும் குளிரால் வருந்துகிறார்கள். உணவுக்கூடம், அரங்கம், அறை என எங்கும் குளிரூட்டி இடைவிடாது ஓடும். மேல்தளத்திலோ இரவுக் காற்று பலமாக வீசும். கொடைக்கானலுக்கு வாங்கிய கனமான கம்பளிச் சட்டை வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரோ சால்வையோ போதும். குழந்தைகளுக்குக் காதை மூடும் தொப்பி வேண்டும். பட்டுச் சேலையை மேல்தளத்தில் உடுத்த வேண்டாம் என்று துணி அறிந்தவன் என்ற முறையில் வலியுறுத்துவேன். உப்பு நீர் தெறித்தால் பட்டில் கறை நிற்கும்; உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சரிகை கறுக்கும்.

துவைப்பதும் உலர்த்துவதும் அடுத்த பிரச்சினை. அறைகள் சிறியவை, குளியலறையில் ஒரு சிறு கொடி இருந்தாலே பெரிது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் தடித்த பருத்தியும் ஜீன்ஸும் மறுநாளும் உலராது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி இரவில் அலசிப் போட்டால் காலையில் உடுத்தலாம். தடித்த பூத்துவாலைக்குப் பதில், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தோர்த்து என்று வாங்குகிறோமே, அந்த மெல்லிய துண்டு இரண்டு இருந்தால் குளிக்கவும் துவட்டவும் வெயிலுக்குத் தலையில் போடவும் ஆகும். ஒரு மணி நேரத்தில் உலர்ந்தும்விடும். இஸ்திரிப் பெட்டியைத் தீ ஆபத்துக் கருதிப் பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்களில் அனுமதிப்பதில்லை. ஆகவே லினன் போன்று எளிதில் கசங்கும் துணிகளை விட்டுவிட்டு, உருட்டி வைத்தாலும் கசங்காதவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். நைட்டியும், சாரம் என்று நாங்கள் சொல்லும் கைலியும் வீட்டைப் போலவே அறைக்குள் உடுத்தலாம். உணவுக்கூடத்துக்கு அவற்றோடு போனால் சொகுசுக் கப்பல்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெரிய கப்பல்களில் ஏறும்போது பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். பிறகு கரையிறங்கிய பின்தான் அவை கையில் கிடைக்கும். இரண்டு வேளைகளிலும் தேவையான ஒரு மாற்றுடையையும் மருந்துகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பயண ஏற்பாட்டாளர்கள் ஏனோ சொல்வதே இல்லை. இந்தத் துன்பம் புதியதன்று. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் 'கிளைட்' கப்பலேறி இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், பயணம் முழுவதும் கறுப்பு உடை அணிந்துகொண்டு, வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியின் குளிரில் அதை அணிந்து இறங்கியபோது, வெள்ளை உடையில் இருந்தவர் தாம் ஒருவர் மட்டுமே என்று கண்டு கூசினார். பெட்டிகளும் சாவிகளும் முகவர் வசம் போய்விட்டதாலும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதாலும், திங்கட்கிழமை வரை மாற்றுடைக்கு வழியில்லை. அதே காந்தியடிகள் 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்கு 'ராஜபுதானா' கப்பலில் சென்றபோது, உடன் வந்தோர் தேவைக்கு மிஞ்சிக் கொண்டுவந்திருந்த பெட்டிகளை ஏடன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பச் செய்தார்.

புறப்படும் நாளில் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையையும் உடையோடு சேர்த்தே நினைக்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த விபத்து, பயணிகள் இரவு உணவு உண்டுகொண்டிருந்த நேரத்தில் நிகழ்ந்தது. விருந்துக்கென்று உடுத்துவதாயினும், படிக்கட்டில் விரைந்து ஏறி இறங்கவும், மேலே உயிர்காப்பு அங்கியைக் கட்டவும் இடம் தரும் உடையாக அது இருக்கட்டும்.

இனி, கோட்டு தைத்தே ஆக வேண்டுமா என்பது. வெளிநாட்டுக் கப்பல்களின் முறையான இரவுகளில்கூட, அவரவர் நாட்டு மரபுடையைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நல்ல பட்டுச் சேலையோ, கேரளத்துப் பெண்கள் உடுத்தும் செட்டு முண்டோ, கழுத்துவரை பொத்தானிட்ட ஜிப்பாவோ அங்கே எந்தக் கவுனுக்கும் கோட்டுக்கும் குறைந்ததன்று. வேட்டியைப் பற்றித்தான் எவரும் தெளிவாக எழுதிக் கொடுப்பதில்லை. 2014-இல் வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதும், அதே ஆண்டில் அத்தகைய தடைகளை நீக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்ப் பயணிகளை நம்பிச் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கப்பல் நடத்துகிறவர்கள், விருந்துக்கூடத்தில் வேட்டி ஏற்கப்படும் என்று பயணச் சீட்டுடன் வரும் குறிப்பிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால் எத்தனையோ கோட்டுகள் தைக்கப்பட வேண்டியிராது.

வேட்டி வேறொரு காரணத்துக்காகவும் பெட்டியில் இருக்க வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும்போது முண்டு எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் பகுதியினருக்குப் பழக்கம். ஆனால் கப்பல் என்றதும் அதை மறந்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து 2023-இல் தொடங்கிய இலங்கைக் கப்பல் சுற்றுலாவில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் இடம்பெற்றன. காங்கேசன்துறையில் இறங்கி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்லும் ஆண்கள் மேற்சட்டையின்றித்தான் உள்ளே போக முடியும். அங்கே பெர்முடாவோடு நிற்பதைவிட வேட்டியோடு நிற்பது எவ்வளவோ மேல். பௌத்த விகாரைகளுக்குத் தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை வேண்டும். இன்னும் தொலைவு செல்வோர், ரோமில் உள்ள பெரிய தேவாலயங்களிலும் இதே ஒழுங்கு உண்டு என்பதையும், பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் ராணுவ வண்ணத் துணிகளை அணிவது சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்து கொண்டால் போதும்.

தங்கள் நாளிதழ் வாயிலாகப் பயண ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முன்பணம் வாங்கும் அன்றே, அந்தக் கப்பலுக்கும் அந்தக் கரைகளுக்கும் அந்த மாதத்துக்கும் உரிய உடைக் குறிப்பைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். படகுக்கு மாற வேண்டியிருக்குமா, நீச்சல் குளத்தில் எந்த உடைக்கு அனுமதி, துவைக்க வசதி உண்டா, விருந்து இரவு உண்டா, வேட்டியும் சேலையும் ஏற்கப்படுமா என்பவை அதில் இருக்கட்டும். கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் இவ்விவரங்களையும் சேர்த்து வெளியிட்டால், அக்டோபரில் தொடங்கும் லட்சத்தீவுப் பருவத்துக்கு முன்பதிவு செய்ய எண்ணியிருப்போர், துணிக்கடைக்குப் போகும் முன்பே அதைப் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தையற்கலைஞர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.