செயலாளர் ஆண்டறிக்கை: புயல் நாளும் நம் வீட்டு வாயில்லா ஜீவன்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழை மூட்டத்தைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆடி மாதம் தவிர எல்லா மாதமும் கூடியது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், பாதி எரிகிறது. ஓணத்துக்கு அத்தப்பூக் கோலப் போட்டி நடந்தது; முதல் பரிசு பற்றிய மனவருத்தம் இன்னும் தீரவில்லை என்று கேள்வி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி.

இனி, இந்த ஆண்டு நம் சங்கம் உருப்படியாகச் செய்த ஒரே வேலையைப் பற்றிச் சொல்கிறேன். புயல் வந்தால் கால்வாய்க்கரை வீடுகளைக் காலி செய்வது எப்படி, அந்த வீடுகளில் இருக்கும் நாய், பூனை, ஆடு, கோழியை என்ன செய்வது என்பதுதான் அது. பொதுக்குழுவில் இதை முதலில் எடுத்தபோது சிலர் சிரித்தார்கள். அவர்கள் மேல் குறையில்லை. 2017க்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஒக்கிப் புயலை இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனாலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அது தந்த அவகாசம். 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைப் பக்கம் வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. இடையில் இருந்தது ஒரே ஒரு பகலும் இரவும். அதற்குள் நம் வள்ளங்கள் கடலில் எங்கோ போயிருந்தன. இரண்டாவது, ஒக்கி நம் குமரிக் கரையைக் கடக்கவே இல்லை. கடலில் இருந்தபடியே நம்மைத் தாண்டிப் போனது, அதுவும் தரவரிசையில் கீழ்ப்படியான 'புயல்' என்ற நிலையில். மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை காற்றடித்தால் புயல், 89 முதல் 117 வரை என்றால் தீவிரப் புயல். ஒக்கி இந்த அளவுகளையெல்லாம் தாண்டி வலுத்தது நம்மைக் கடந்து லட்சத்தீவுப் பக்கம் போன பிறகுதான். கீழ்ப்படிக்கே ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் விழுந்த விதம் நாம் பார்த்தது. தீவிரப் புயலே நேராக வந்தால்?

அன்று காலை என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளையும் அம்மாவையும் நடு அறைக்குக் கொண்டுபோனேன், ஓடு பறக்கும் சத்தத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் நாய் கொல்லைப்புறத்தில் அயனி மரத்தடியில் சங்கிலியில் கிடந்தது. ஒன்பது மணி வாக்கில் மரம் சாய்ந்தது. சங்கிலி இல்லாவிட்டால் எங்காவது ஓடிப் பிழைத்திருக்கும். கொக்கியை அவிழ்க்க நேரமில்லை என்று அப்போது பிள்ளைகளிடம் சொன்னேன். நேரம் இருந்தது. ஞாபகம்தான் இல்லை. அந்தக் கொக்கி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

சரி, இந்த ஆண்டுக்கு வருவோம். ஐப்பசியில் ஒரு எச்சரிக்கை வந்தது. கடைசியில் அது நம் பக்கம் வராமல் விலகிப் போய்விட்டது. ஆனால் அன்று மாலை ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா) கால்வாய் ஓரம் வீடு வீடாகப் போய் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னோம். கால்வாய் தூர்ந்து கிடப்பதால் நாலு மணி நேர மழைக்கே அங்கே முற்றத்தில் தண்ணீர் ஏறிவிடும். எல்லோரும் கிளம்பினார்கள், கடைசி வீட்டு ஆச்சி மட்டும் அசையவில்லை. இரண்டு ஆடு, ஒரு நாய்.

“இதுகள விட்டுட்டு நான் எங்க மக்களே போவேன்? நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆச்சி வராததால் மகன் வரவில்லை. மகன் வராததால் மருமகளும் இரண்டு குழந்தைகளும் வரவில்லை. ஆக இரண்டு ஆட்டுக்கும் ஒரு நாய்க்கும் இடமில்லாததால் ஐந்து பேர் தண்ணீர் ஏறும் வீட்டில் தங்கினார்கள். அந்தக் கணக்கு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடு நாயைச் சேர்க்க மாட்டார்கள், அதில் தவறும் இல்லை. சமையல் நடக்கிற இடம், கைக்குழந்தைகள் படுத்திருக்கும், நாயைக் கண்டாலே நடுங்குகிறவர்களும் இருப்பார்கள்.

ஆகவேதான் 'துணை வீடு' ஏற்பாடு. கால்வாய்க்கரையில் மிருகம் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டுத்தெருவில் ஒரு கான்கிரீட் வீட்டை இணைத்திருக்கிறோம். எச்சரிக்கை வந்ததும் மனிதர்கள் பள்ளிக்கூடத்துக்கு, மிருகங்கள் துணை வீட்டின் கார் ஷெட்டுக்கோ மாடிப்படி அடிக்கோ. சம்மதித்த மேட்டுத்தெரு குடும்பங்களுக்கு நன்றி. ஒருவர் “ஆடு மட்டும் வேண்டாம், குரோட்டன்ஸைத் தின்றுவிடும்” என்றார். அவருக்குக் கோழி ஒதுக்கியிருக்கிறோம்.

இதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். நாய்க் கணக்கு தெளிவாக வந்தது. பூனைக் கணக்குதான் குழப்பம். வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட ஒரு பூனையை நான்கு வீட்டார் 'எங்கள் பூனை' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். புயல் அன்று அதைப் பிடிப்பது யார் என்பதை அந்த நால்வரும் பேசி முடிவு செய்ய வேண்டுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். ஆடு, நாயெல்லாம் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. பூனைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது, என் முழங்கையில் கீறல் இன்னும் தெரிகிறது. பூனை காற்று மாறும்போதே கட்டிலடியிலோ ஓட்டின் இடுக்கிலோ போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே முதல்நாள் மாலையே ஓர் அறையில் வைத்துச் சாத்திவிட வேண்டும். கூண்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காட்டினால் நடக்காது. இரண்டு மூன்று வாரம் முன்பே வீட்டில் திறந்து போட்டு, உள்ளே பழைய துணி விரித்து, தினமும் ஒரு சாளைத்தலையை வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கும்.

கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். அவர் சொன்னவற்றில் சில: நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு யாரும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. மாட்டை அழைத்துப் போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், நீந்தவாவது செய்யும். கழுத்துப் பட்டையில் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். நீங்களும் நாயும் சேர்ந்திருக்கும் ஒரு படம் போனில் இருக்கட்டும். தொலைந்தால் 'என் நாய்தான்' என்று காட்ட அதுதான் ஆதாரம். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டோடு அதே பிளாஸ்டிக் கவரில் போட்டுவையுங்கள். ஒரு வாரத் தீவனமும் மருந்தும் தனிப் பையில் இருக்கட்டும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் தீவனத்தைக் குறையுங்கள். மீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும், அழுகிய தீவனத்தைத் தாங்காது.

அப்புறம், நாம் எல்லோரும் யோசிக்கத் தவறிய ஒரு விஷயம். புயலின் 'கண்' என்று சொல்லும் நடுப்பகுதி நம் மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று நாயைத் தெருவுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒக்கி என்ற பெயரை வங்கதேசம் வைத்தது. அதன் பொருளே கண் என்பதுதான்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை: காலி சின்டெக்ஸ் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி டேங்க் பறக்கும். கிளம்புமுன் மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் மூடுங்கள். கிணற்றுக்குக் கப்பியும் கயிறும் வாளியும் வாங்கி வையுங்கள். ஒக்கிக்குப் பின் பல நாள் கரண்ட் இல்லாமல், கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நம் தெருவில் கப்பி இருந்த ஒரே வீட்டு முன்னால் குடத்தோடு வரிசை நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சங்கம் சார்பில் இரண்டு பொதுக்கிணறுகளுக்குக் கப்பி போட்டாகிவிட்டது.

தண்ணீர் வடிந்த பின்னும் கவனம் வேண்டும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் இறக்க வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி இருந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்பி வந்த வீட்டில் விறகையும் செருப்பையும் கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள். பாம்பும் நம்மைப் போல மேடு தேடி வந்திருக்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, கால்நடை ஆம்புலன்ஸ் 1962. மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். பலர் வீட்டில் அது காலண்டருக்குப் பின்னால் போய்விட்டதைப் பார்த்தேன்.

வெறிநாய்க்கடி தடுப்பூசி முகாம் மார்கழியில் நடந்தது. ஆச்சியின் நாயும் வந்தது. ஆடு இரண்டையும் துணை வீட்டில் ஒருநாள் கட்டிப் பார்த்துவிட்டு, மூன்று முறை நேரில் வந்து சரிபார்த்த பிறகு, “சரி மக்களே, அடுத்த தடவ வாறேன்” என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்கள்.

ஒத்திகைக்காக வாங்கிய பூனைக்கூண்டுகளில் இரண்டு இன்னும் சங்கத்துக்குத் திரும்பவில்லை. வாங்கிச் சென்றவர்கள் இந்த வாரமே கொண்டுவந்து தர வேண்டும். ஒன்றில் கோழி அடைகாப்பதாகத் தகவல் இருக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கலாம், அதற்குமேல் முடியாது.

நன்றி.
செயலாளர்