அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவக் கேள்வி பதிலில், "முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தத் தடுப்பூசியும் போடாமல் இருப்பதே நல்லது" என்று ஒரு வரி வந்திருந்தது. கேட்டவர் கேட்டது முழங்கால் வீக்கத்தைப் பற்றி. பதில் சொன்னவர் போகிற போக்கில் இதையும் சேர்த்துவிட்டார். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். அதற்கும் இதே மாதிரி மருந்துகள்தான். நிமோனியா தடுப்பூசிக்கு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார், பணமும் புரட்டி வைத்திருந்தாள். "பேப்பர்லயே வேண்டாம்னு போட்டுட்டாங்க டீச்சர்" என்று அந்தப் பக்கத்தோடு வந்து நின்றாள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் இதுவரை அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அச்சில் வந்ததை நம்புகிறவள் அவள்.

நான் மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சரவாங்கி என்கிற இந்த முடக்குவாதம் வந்து விரல்கள் கோணி, சாக்பீஸ் பிடிக்கத் திணறிய காலத்திலும் வகுப்பு எடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், வலி மிஞ்சினால் கொஞ்சம் ஸ்டீராய்டு என்று பல வருஷமாக வண்டி ஓடுகிறது. மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் நம் மூட்டையே தாக்குகிற எதிர்ப்புச் சக்தியை அடக்குகின்றன. கூடவே, கிருமியோடு போராடும் சக்தியும் ஓரளவு அடங்கிப்போகிறது. அதனால்தான் ஃப்ளூவும் நிமோனியாவும் எங்களைப் போன்றவர்களை மற்றவர்களைவிடக் கடுமையாகப் பிடிக்கின்றன. தடுப்பூசி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களைப் பார்த்து வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா.

எங்களுக்கு ஆகாத ஊசிகள் உண்டு, மறுக்கவில்லை. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்கிறவை அவை. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், காசநோய்க்கான பி.சி.ஜி. போன்றவற்றை எங்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கையில் போடுகிற ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி இவற்றில் உயிருள்ள கிருமியே கிடையாது. அவற்றால் அந்த நோய் வர வழியில்லை. இது தாங்கள் அறியாததல்ல. கொரோனா காலத்தில் எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டு விளக்கிய சங்கதிதான்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2022-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் தயாரித்தது. ஃப்ளூ ஊசி போட்ட பிறகு, நோய் கட்டுக்குள் இருந்தால், மெத்தோட்ரெக்சேட்டை 2 வாரம் நிறுத்தி வைக்கலாம் என்கிறது. அப்படி நிறுத்தியவர்களுக்கு ஊசி நன்றாக வேலை செய்ததைக் கொரியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. உயிருள்ள கிருமி இல்லாத மற்ற ஊசிகளுக்கு அந்த மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்கிறவர்கள் ஃப்ளூ ஊசியைப் பருவத்தில் போட்டுக்கொண்டு, மற்ற ஊசிகளை அடுத்த தவணை நெருங்கும்போது போட்டு, 2 வாரம் கழித்து மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஃப்ளூ ஊசியை மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். அந்த ஸ்டீராய்டை நாமாகச் சட்டென்று நிறுத்துவதோ பெரிய ஆபத்து. எதையும் வைத்தியம் பார்க்கிற டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இத்தனை கணக்கு உள்ள விஷயத்தைத் தங்கள் பத்தி ஒரே வரியில் தீர்த்துவிட்டது.

2021-இலும் இதே கதைதான். எதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் போட வேண்டாம் என்று ஒரு கொரோனா தடுப்பூசியின் குறிப்பில் ஜனவரியில் இருந்தது. மார்ச்சில் 45 முதல் 59 வயது வரை முன்னுரிமை தர மத்திய அரசு வெளியிட்ட 20 நோய்ப் பட்டியலில், நெடுநாள் ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். முதலில் வா என்பது ஒரு காகிதம், வராதே என்பது இன்னொரு காகிதம். முகாமில் என் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும், "உங்களுக்கு வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் டாக்டர் எழுதித் தந்த கடிதத்தோடு மறுபடி போய்த்தான் போட்டேன்.

அதற்கும் முன்பு எனக்கு அக்கி வந்தது. குயவர் வீட்டில் காவி கரைத்து அக்கியின் மேல் சிங்கம் எழுதிவிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. கொப்புளம் ஆறிய பிறகும் விலா எலும்போரம் எரிச்சல் மாதக்கணக்கில் விடவில்லை, ரவிக்கை பட்டாலே துடித்துப்போவேன். உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலையைக் கேட்டால் ஓய்வூதியக்காரிக்குத் தலை சுற்றுகிறது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான். மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஃப்ளூ ஊசி கேட்டுப் போனால், "குழந்தைக்கு என்ன வயசு?" என்றுதான் கேட்கிறார்கள். கடைசியில் குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில், அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து போட்டுக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் ஒரு செய்தியாக எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸப்பில் கிளம்பிய புரளியால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. வீங்கிய காலோடு நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். "நம்பாதீங்க, பேப்பரைப் பாருங்க" என்று அந்தத் தாய்மார்களிடம் சொன்னவள் நான். அந்தப் பேப்பரே இப்படி எழுதினால் யாரைக் காட்டுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில், மூட்டுவலி ஒரே மண்டலத்தில் பூரண குணம் என்று விளம்பரம். மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கிற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வாதமும் இருக்கிறது. இதுவும் தங்களுக்குத் தெரிந்ததே. அந்த மாதிரிப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, இன்று கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல் இருக்கிறவர்களை எனக்கு நேரில் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரி தவறு என்று, அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். உள்பக்க மூலையில் வேண்டாம். போடுவதற்கு முன் வாதநோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள், மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்