ஐம்பது நிமிடப் பயணத்துக்கு ஒரு முழு நாள்: எக்கோவாஸ் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

அபுஜாவில் இருக்கும் எக்கோவாஸ் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) ஆணையத்தாருக்கும், உறுப்பு நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைச்சர்களுக்கும் வணக்கம்.

நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்க்கும் தமிழன் நான். வேலை விஷயமாக அடிக்கடி கானாவின் தலைநகர் அக்ரா போய் வருகிறேன். எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், வான்வழியே சுமார் 400 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று சட்டெனச் சொல்லிவிடுவேன். கானாவின் கடிகாரம் நைஜீரியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், காலை 10 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கே போய் இறங்கிவிடலாம், காகிதத்தில் பார்த்தால் நேரமே செலவாகவில்லை. (திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு கதை.)

சரி, நடப்பது என்ன? லாகோஸின் தீவுப் பக்கத்திலிருந்து விமான நிலையம் இருக்கும் இக்கேஜாவுக்குப் போக, தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தில் 'கோ-ஸ்லோ'வில் (போக்குவரத்து நெரிசலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாட்டினால் எப்போது வெளியே வருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். போன முறை அப்படி வந்து உட்கார்ந்த எங்களிடம் விமானம் தாமதம் என்றார்கள், ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை, மதியம் மூன்று மணிக்குத்தான் ஏறினோம். இறங்கியதும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, அப்புறம் குடியேற்ற வரிசை. ஆகாயத்தில் இருந்தது ஐம்பது நிமிடம், எனக்குப் போனது ஒரு முழு நாள்.

தரைவழியே போகலாமே என்பீர்கள். போயிருக்கிறேன். பெனினுக்குள் நுழைந்து, டோகோவைக் கடந்து, அஃப்லாவோவில் கானாவுக்குள் கால் வைப்பதற்குள் மூன்று எல்லைகள், மூன்று முறை இறங்கி ஏற வேண்டும். உங்கள் குடிமக்கள் விசா இல்லாமல் 90 நாள் போய்த் தங்கலாம் என்று 1979-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள், ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணி வியாபாரி அம்மா வழியில் ஒரு சாவடி வந்ததும் காசை மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது டிக்கெட் விலைதான். பயணிகள் சேவைக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், வரி என்று தலைக்கு இவ்வளவு என வைத்திருக்கிறீர்கள். நீண்ட தூரம் போகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது, 400 கிலோமீட்டர் போகிறவரின் டிக்கெட்டிலோ அதுவே பெரிய பங்கு. போட்டி விமானங்கள் வந்தால் விலை இறங்கும் என்பதற்காகத்தானே 1999-ல் ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வான்வழிகளை ஒன்றுக்கொன்று திறந்துவிட எடுத்த யாமுசுக்ரோ முடிவு, 2018-ல் ஒற்றை ஆப்பிரிக்க விமானச் சந்தை? நைஜீரியா, கானா இரண்டுமே அதில் சேர்ந்த நாடுகள்தானே?

2024 டிசம்பரில் அபுஜாவில் கூடி, 2026 ஜனவரி 1 முதல் விமானப் போக்குவரத்து வரிகளை நீக்குவது, பயணிகள் கட்டணத்தையும் பாதுகாப்புக் கட்டணத்தையும் 25 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்தீர்கள். நல்ல முடிவு, கைதட்டினேன். எந்த நாடு எந்த வரியை எப்போது எடுத்தது என்று நாடு வாரியாக வெளியிடுங்கள், எடுத்த தொகை டிக்கெட்டில் குறைந்ததா என்று விமான நிறுவனங்களிடம் கணக்குக் கேளுங்கள். என் பழைய டிக்கெட்டுகளை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்ததை எடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
லாகோஸ்–அக்ரா பயணி ஒருவன்