காலி டிரம்மும் தலைப்பாகையும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சீட்டில் 'இன்ஃப்ளமேஷன்' (அழற்சி) என்று எழுதியிருந்ததாகச் சொல்லியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு மாதமாக நான் அந்தக் குடும்பத்துச் சொல் ஒன்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆலையில் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ரிட்டயர் ஆன மனுஷன் சும்மாதானே இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நாற்பது பக்கம்தானே என்று நானும் வாயைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டுக்கும் நம்மிடம் பாதுகாப்பு என்ற ஒரே சொல்தான். எண்ணெய் சிந்திய தரையில் ஒருவன் வழுக்கி விழாமல் பார்ப்பது சேஃப்டி. ராத்திரி செம்புக் கம்பியைத் திருட வருகிறவனைத் தடுப்பது செக்யூரிட்டி. எண்ணெய்க்கு நம்மேல் விரோதம் எதுவும் கிடையாது, திருடன் திட்டம் போட்டு வருகிறான். எனக்கு இது சொந்த அனுபவம். என் அறை வாசலில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். லாரி டிரைவர்கள் நேராக என்னிடம் வந்து, "சார், கேட்டைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க" என்பார்கள். கடைசியில் பலகையில் 'சேஃப்டி ஆபீசர்' என்று தமிழ் எழுத்திலேயே எழுத வைத்தேன். தமிழ் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அடுத்து ஹஸார்ட், ரிஸ்க். அகராதியில் இரண்டுக்கும் ஆபத்து, அபாயம், இடர் என்று மாற்றி மாற்றிக் கிடக்கிறது. வேலையில் அவை வேறு வேறு. உன் வீட்டு அடுப்படியில் இருக்கும் கேஸ் சிலிண்டர் ஹஸார்ட். நீ எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அது ஹஸார்ட்தான், அதன் குணம் மாறாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை டியூபை மாற்றி, படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடினால் ரிஸ்க் குறையும். (மூடுகிறாயா? தங்கச்சியிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.) 'இடர்' நல்ல சொல், ஆனால் பேரிடர் மேலாண்மைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதால் கேட்டதுமே புயல் வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. ரிஸ்க்கோ எப்போதோ நம் ஊர்ச் சொல் ஆகிவிட்டது. "ஏன்டா ரிஸ்க் எடுக்கிறே" என்று உன் அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஹஸார்ட் எடுத்தவன் எவனும் கிடையாது. ஆகவே கையேட்டில் இவற்றுக்கான அட்டவணையின் முதல் கட்டத்தில் 'எது ஆபத்தானது?' என்றும், இரண்டாவதில் 'நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி?' என்றும் எழுதிவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நீ அடம்பிடிப்பாய். பிடித்துக்கொள்.

சரி, உன் முட்டிக்கு வருகிறேன். பெயின்ட் ஷாப்பில் ஐடிஐ முடித்துப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். பெயின்டில் கலக்கும் தின்னர் கேன்கள் ஆறேழை எடுத்துக் கிரைண்டிங் வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் வரிசையாக வைத்திருந்தான். இரண்டடி தள்ளித் தீப்பொறி தெறித்துக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தில் கிரைண்டரை நிறுத்திவிட்டார்கள். பையன் பயப்படவேயில்லை. கேன் மேல் இருந்த எழுத்தைக் காட்டி, "சார், இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கே. கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி எரியாததுதானே?" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. இலக்கணப்படி யோசித்திருக்கிறான் பாவி! அந்த 'இன்' லத்தீனிலிருந்து வந்தது, இங்கே எதிர்மறை கிடையாது, தீப் பற்ற வைப்பது என்ற வினையோடு ஒட்டிய முன்னொட்டு. உன் இன்ஃப்ளமேஷனிலும் அதே 'இன்'தான். இந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே, 'இன்'னை வெட்டிவிட்டு ஃப்ளேமபிள் என்று எழுதச் சொன்னது. பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனமும் 1959இல் அதையே சொன்னது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்னும் பழைய சொல்லைப் பார்க்கலாம். தமிழில் எனக்குக் கஷ்டமே இல்லை: 'எளிதில் தீப்பிடிக்கும்.' அவ்வளவுதான்.

இதே வேலையில் இருந்துகொண்டு சொற்களைப் பற்றி யோசித்த ஒருவர் உண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலாளராகத்தான் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மனுஷன் சம்பளம் வாங்கியது ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில். படித்தது வேதிப் பொறியியல். விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்ரோல் நிறைந்த டிரம்களுக்குப் பக்கத்தில் எல்லோரும் பயபக்தியோடு நடக்கிறார்கள். 'எம்ப்டி' என்று எழுதிய டிரம்களுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். உண்மையில் காலி டிரம்தான் மோசம். உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும். காற்றில் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டிரம்மில் அந்த அளவுக்குக் காற்றுக்கு இடமே இல்லை.

நம் 'காலி'யும் அப்படிப்பட்டதுதான் சேகர். எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று பழைய டிரம்மின் மூடியை கேஸ் கட்டரால் அறுக்கக் கிளம்பினார் ஒருவர். "காலி டிரம்தானே சார், ஒன்றுமே இல்லை" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்தவர் ஒன்றும் பேசாமல் கட்டரைச் சுருட்டிக்கொண்டு போனார். கையேட்டில் 'காலி டிரம்' என்று எங்குமே எழுதவில்லை. 'உள்ளே ஆவி இருக்கும் டிரம்' என்றுதான் இருக்கும். நீளம்தான், இருக்கட்டும்.

நெல், அரிசி, சோறு என்று நம் மொழியின் பெருமையை எடுத்துக்கொண்டு வருவாய் என்று தெரியும். அதை நேரில் வரும்போது வைத்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஒரே ஒரு சொல் வேண்டும். ஆக்ஸிடென்ட் என்றால் விபத்து, சரி. நியர் மிஸ்? அடி படவில்லை, ஆனால் பட்டிருக்கும். தின்னர் கேன் கதை மாதிரி. 'மயிரிழையில் தப்பியது' என்று படிவத்தில் எழுதினால் நாவல் தலைப்பு மாதிரி இருக்கிறது. அந்தப் பையனிடமே கேட்டேன். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு எங்க ஆயா சொல்லும் சார்" என்றான். இப்போது பெயின்ட் ஷாப்பில் நியர் மிஸ்களை எழுதி வைக்கும் நோட்டுக்கே தலைப்பாகை நோட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. உனக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுது. அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முட்டியைப் பார்த்துக்கொள், மாடிப்படி வேண்டாம்.

உன்,
மூர்த்தி