ஆண்டறிக்கை: இந்த வருடம் கேட்டதும் பதிந்ததும்

குன்னூரில் இசைத்தட்டுக் கேட்டு, பாட்டும் பதிகிற நம் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால், அங்கே வாசித்த அறிக்கையைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அவரே போன் செய்வார், செய்யாமல் விடமாட்டார்.

மாதக் கூட்டம் மே தவிர எல்லா மாதமும் நடந்தது. மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி சமயத்தில் குன்னூருக்குள் யார் வண்டியை நகர்த்த முடியும், அதனால் விட்டுவிட்டோம்.

இந்த வருடம் முழுக்க ஒரே கம்பெனியின் தட்டுகளைத்தான் கேட்டோம். நியூயார்க்கின் ஃபோக்வேஸ், அதிலும் நாட்டுப்பாடல்களும் குழந்தைப் பாடல்களும். நமக்கெதற்கு அமெரிக்கக் குழந்தைப் பாட்டு என்று முதல் கூட்டத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. அப்படிக் கேட்டவர்தான் அடுத்த மாதம் பேரனையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பெயர் சொல்லவில்லை.

1948ல் மோசஸ் ஆஷ் என்பவரும் மரியன் டிஸ்ட்லர் என்ற பெண்மணியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி இது. 1986ல் ஆஷ் இறப்பதற்குள் 2,000க்கும் மேற்பட்ட தட்டுகள் வெளிவந்துவிட்டன. 1958ல் வந்த ஒரு தட்டில் வெறும் தவளைச் சத்தம்தான், அதையும் ஒரு மழை நாளில் போட்டுக் கேட்டோம், வெளியே இருந்த தவளைகளும் சேர்ந்துகொண்டன. விற்கவில்லை என்பதற்காக எந்தத் தட்டையும் ஆஷ் பட்டியலிலிருந்து எடுத்ததில்லை. அதிகம் புழங்காத எழுத்து என்பதற்காக அதை அகராதியிலிருந்து தூக்கிவிடுவார்களா என்று கேட்பாராம். 1987ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இந்தச் சேகரத்தை வாங்கியபோதும், எல்லாத் தட்டும் என்றைக்கும் கிடைக்க வேண்டும் என்ற பேச்சின் பேரிலேயே வாங்கியது. பாடியவர்களுக்கு ஆஷ் சரியாகப் பணம் கொடுக்கவில்லை என்ற புகாரும் உண்டு. அதையும் சொல்லாமல் அவரைப் புகழ்வது சரியாக இருக்காது.

கூட்டத்தை அதிகம் கட்டிப்போட்டவர்கள் மூன்று பேர். எல்லா ஜென்கின்ஸ் என்ற பெண்மணி 1957ல் தன் முதல் தட்டை வெளியிட்டவர், 2024ல் நூறு வயதில் காலமானார். ஒரு வரியை இவர் பாட, குழந்தைகள் திருப்பிப் பாடுவார்கள், அவ்வளவுதான் முறை. நம் குலை குலையா முந்திரிக்கா விளையாட்டும் அதே மாதிரிதானே என்று ஒரு டீச்சர் சொன்னதும் கூட்டம் வேறு திசையில் போய்விட்டது, அன்று மீதித் தட்டுகளைக் கேட்கவே இல்லை. அப்புறம் எலிசபெத் காட்டன். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்மணி. இடது கைக்காரர், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். வேலைக்குப் போன வீட்டுப் பையன் மைக் சீகர்தான் காட்டன் பாடியதை அவருடைய வீட்டிலேயே டேப்பில் பதிந்தார், 1958ல் தட்டாக வந்தது.

மூன்றாமவர் டோனி ஷ்வார்ட்ஸ், நம் வேலையையே மாற்றியவர். திறந்தவெளியும் தூரப் பயணமும் அவருக்கு ஆகாது. அதனால் தன் தபால் வட்டாரமான நியூயார்க் 19ஐத் தாண்டாமல், கையில் தூக்கிப் போகிற ஒரு பதிவுக் கருவியோடு தெருத்தெருவாகச் சுற்றிப் பிள்ளைகளின் கயிறு தாண்டும் பாட்டு, கடைக்காரர் பேச்சு எல்லாவற்றையும் பதிந்தார். பிள்ளைகள் பாட்டுத் தட்டு 1953ல் வந்தது. இதைக் கேட்டு முடித்ததும்தான் நாமும் குன்னூரின் 643101 என்ற பின்கோடுக்குள் மட்டும் பதிவோம் என்று முடிவானது. மலை முழுக்க என்று கிளம்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, அது எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பதிந்தது ஒரு பாட்டியின் தாலாட்டு. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அங்கே அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்தில் விட்டுப் போவார்களாம், அங்கே ஆயா பாடியதைத்தான் இவர் பாடினார். "ஏம்பா, இதையெல்லாம் யாரு கேக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு, மடியில் குழந்தை இல்லாமல் பாட்டு வராது என்று பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். பாதியில் தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் குக்கர் விசில். குழந்தை தூங்கிவிட்டது, பாட்டி இன்னும் இரண்டு வரி பாடி, குரலைத் தாழ்த்தி முனகலாக நிறுத்தினார்.

இதைத் திரும்பப் பதிய வேண்டும், சுருதிப்பெட்டி வைத்து, நல்ல குரலாகப் பார்த்து, என்று செயற்குழுவில் ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. கச்சேரி கேட்க வேறு இடம் இருக்கிறது. வாக்கெடுப்பு வரை போகாமல் தலைவர் சமாதானம் செய்துவைத்தார், பதிவு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்று: ஃபோக்வேஸ் தட்டு ஒவ்வொன்றோடும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், பாட்டு வரிகள், பாடியவர் யார், எந்த ஊர் என்று. அதே மாதிரி நாமும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் எழுதுகிறோம். யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடுவது, விளையாட்டென்றால் எப்படி ஆடுவது, எல்லாம். பாடியவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியில் விடுவதில்லை, முதல் பிரதி அவர் கைக்கே. நீலகிரியின் படகர் மக்கள் வீடுகளில் பதிவதை அந்தந்த ஹட்டியின், அதாவது அவர்கள் ஊரின், பெரியவர்களிடம் கேட்ட பிறகே தொடங்குவோம். சாமி பாட்டைத் தொடுவதில்லை.

இனி பூஞ்சணம். வடகிழக்கு மழையில் நம் அலமாரியின் கீழ்த்தட்டு எல்பி (வினைல் இசைத்தட்டு) உறைகள் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டன. காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, வட்டமாகப் பள்ளத்தோடு துடைத்தால் எல்பி தேறிவிடும். பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். இப்போது அலமாரிக்குள் நம் ஊர் வழக்கப்படி குண்டு பல்பு ஒன்று எரிகிறது. உறைகள் பல்பில் படாமல் வைக்கவும். கூட்டம் முடிந்து போகிறவர்கள் பழக்கதோஷத்தில் அந்தச் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள், அது எப்போதும் எரிய வேண்டும்.

அடுத்த வருடத்துக்குத் தொடக்கவிழா, பொன்னாடை எதற்கும் பணம் ஒதுக்கவில்லை. ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குகிறோம், ஒன்று அலமாரியில், ஒன்று வேறொருவர் வீட்டில். உங்கள் பரணில் வீட்டு விசேஷங்களில் பதிந்த பழைய கேசட்டுகள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அப்படியே மெஷினில் போட்டு ஓட்டியும் பார்க்காதீர்கள். பென்சிலை ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி, ரிப்பன் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஓடுகிற டேப் ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் அதுவும் வேண்டும். பெல்ட் போயிருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

செயலாளர்